ஏப்ரலில் விஸ்லர்: முதல்முறை ஸ்கீ பழகப் போகும் நண்பர் குழுவுக்கு

ஸ்கீ பழக ஜனவரியைவிட ஏப்ரல்தான் நல்ல மாதம் என்பது என் உறுதியான எண்ணம். பகல் நீண்டிருக்கும், விரல் விறைக்காது, மதியத்தில் விழுந்தால் அவ்வளவாக வலிக்காது. ஈஸ்டர் கழிந்ததும் அறை வாடகையும் இறங்கிவிடும். ஆனால் ஜனவரிப் பனி நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஏப்ரல் பனி அப்படியில்லை. காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும் சரிவு, மதியத்துக்குள் மெத்தென்று ஆகிவிடும், மாலையில் காலைப் பிடித்து இழுக்கும். எந்த நேரத்தில் எந்தச் சரிவில் நிற்பது என்று தெரிந்துகொண்டு போகிற குழு சந்தோஷமாகத் திரும்பும். அது தெரியாமல் போய், காலையிலேயே இறுகிய பனியில் இரண்டு முறை விழுந்து பயந்துபோன நண்பர் ஒருவர் இருந்தால், மிச்ச நாள் முழுவதும் அவரைச் சமாதானப்படுத்துவதில்தான் போகும்.

டொரோண்டோப் பக்கம் இருக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் காலிங்வுட் பக்கத்து ப்ளூ மவுண்டனில் ஒருமுறை சறுக்கிப் பார்த்திருப்பார்கள். அந்த மலையின் மொத்த உயரமே 220 மீட்டர்தான். கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் விஸ்லர் பிளாக்கோம் வேறு அளவு. வான்கூவரிலிருந்து வடக்கே 120 கிலோமீட்டரில், அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மலைகள். ஊர் இருப்பது 675 மீட்டர் உயரத்தில். விஸ்லர் மலையின் உச்சி 2,182 மீட்டர். பிளாக்கோமில், ஆட்களை மேலே கொண்டுபோகும் கம்பிவட லிஃப்டில் ஏறக்கூடிய உயரம் 2,284 மீட்டர். அதாவது மேலிருந்து கீழ்வரை ஒரு மைல் செங்குத்து உயரம். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச் சரிவுப் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன. இவ்வளவு உயரம் இருப்பதால்தான் ஊரில் செர்ரி பூத்த பிறகும் மேலே பனி மீட்டர் கணக்கில் கிடக்கிறது.

எந்த வாரம் போவது

முதலில் தேதியைப் பிடியுங்கள். குழுவில் ஒருவராவது இதுவரை ஸ்கீ காலில் மாட்டாதவர் என்றால், மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் போங்கள். அதற்குப் பிறகு இரண்டு மலைகளில் ஒன்றை மூடிவிடுவார்கள். எந்த மலை, எந்தத் தேதி என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். மற்ற மலை பொதுவாக மே மாதம் வரை திறந்திருக்கும். ஆனால் அப்போது தாழ்ந்த பகுதியில் பனி இருக்காது. புதியவர்களுக்கான சரிவுகள் பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கின்றன. மே மாதச் சறுக்கல் ஓரளவு தேர்ந்தவர்களுக்கு அருமையானது, புதியவர்களுக்கு அல்ல.

இரண்டாவது, ஈஸ்டர் எப்போது என்று பாருங்கள். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் அது வரலாம். அந்த நீண்ட வாரயிறுதியில் லிஃப்ட் வரிசையும் அறை விலையும் உச்சத்தில் இருக்கும். அதற்கு அடுத்த செவ்வாய், புதன் கிழமைகளில் அதே மலை பாதி காலியாக இருக்கும். எல்லோருக்கும் இரண்டு நாள் விடுப்பு கிடைக்குமென்றால் வார நடுவில் போவதைப் போல வேறில்லை. சித்திரைப் புத்தாண்டும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. வீட்டில் பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்றால் அதையும் சேர்த்துப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

யார் எந்த நிலையில்

பணம் கட்டுவதற்கு முன்னால் குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: நீல நிறச் சரிவில் விழாமல் இறங்கி, நினைத்த இடத்தில் நிற்க முடியுமா? வட அமெரிக்காவில் பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் மிகக் கடினம். நிறுத்தத் தெரியுமா என்று கேட்பது முக்கியம். "ஸ்கீ தெரியும்" என்று சொல்கிற பலருக்கு இறங்கத்தான் தெரியும், நிற்கத் தெரியாது.

பதிலை வைத்துக் குழுவை இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துவிடுங்கள். இது நட்புக்கு எதிரானது என்று சிலர் நினைப்பார்கள். உண்மையில் நட்பைக் காப்பாற்றுவதே இதுதான். தேர்ந்தவர் புதியவரோடு நாள் முழுவதும் நின்றால் அவருக்குச் சலிப்பு. புதியவர் தேர்ந்தவரின் பின்னால் போனால் அவருக்கு ஆபத்து. காலையில் பிரிந்து போய், மதியச் சாப்பாட்டுக்கு ஒரே இடத்தில் கூடி, சாப்பிட்ட பிறகு ஓர் எளிய சரிவில் எல்லோரும் சேர்ந்து இறங்குங்கள். எந்தக் குழுவுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, நண்பர் நண்பருக்கு ஸ்கீ கற்றுக்கொடுக்க வேண்டாம். மலையின் பள்ளியில் குழு வகுப்பு எடுங்கள். அரை நாளோ ஒரு நாளோ பயிற்சியாளரிடம் கற்றவர் மாலைக்குள் பச்சைச் சரிவில் தானாக இறங்குவார். நண்பரிடம் கற்றவர் "முட்டியை மட," "பயப்படாதே" என்று கேட்டுக்கேட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார். பருவக் கடைசியில் வகுப்புகளின் எண்ணிக்கை குறையும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ஸ்கீயா ஸ்னோபோர்டா என்று கேட்பவர்களுக்கு: ஓரிரு நாள்தான் இருக்கிறது என்றால் ஸ்கீ. முதல் நாளிலேயே நகர முடியும். ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் உட்கார்ந்து விழுவதிலேயே போய்விடும். மணிக்கட்டு உடைவதும் அதில்தான் அதிகம். போர்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர் மணிக்கட்டுக் காப்பு போட்டுக்கொண்டு, பனி இளகிய பிறகு ஆரம்பிக்கட்டும்.

பதிவு

லிஃப்ட் டிக்கெட்டை ஒருபோதும் அன்று காலை கவுண்டரில் வாங்காதீர்கள். இணையத்தில் முன்பே வாங்கினால் விலை குறையும். எத்தனை நாள் என்று முன்பே சொல்லி வாங்கும், இன்னும் மலிவான எபிக் டே பாஸ் போன்றவை டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனை முடிந்துவிடும். ஆக, ஏப்ரல் பயணத்தை நவம்பரிலேயே முடிவு செய்யும் குழுவுக்குப் பெரிய மிச்சம் உண்டு. பாஸ் அவரவர் பெயரில் இருக்கும், மாற்றிக் கொடுக்கக் கூடாது. காலையில் ஒருவர், மதியம் இன்னொருவர் என்று ஒரே பாஸைப் பகிர்ந்து பிடிபட்டால் பாஸே போய்விடும்.

தங்குவதற்கு, ஆறேழு பேர் என்றால் சமையலறை உள்ள வீடு அல்லது காண்டோ. லிஃப்டுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுக்கலாம். ஸ்கீ பூட்ஸோடு நடப்பது எவ்வளவு சிரமம் என்று முதல் நாள் காலையிலேயே புரியும். தூரமாகக் கிடைத்தால் ஊருக்குள் ஓடும் பஸ் வழித்தடத்துக்குப் பக்கமாகப் பாருங்கள்.

பணத்தை ஒருவர் பொறுப்பில் விட்டு, ஒவ்வொருவரும் எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன் பேசி முடித்துவிடுங்கள். ஸ்கீ செய்யாத நண்பர் லிஃப்ட், வாடகைக் கருவிச் செலவில் பங்கு போடக் கூடாது. வீடு, சாப்பாடு, வண்டியில் மட்டும் போடட்டும். இதைச் சொல்லாமல் விட்டுப் பின்னால் சங்கடப்பட்ட குழுக்கள் நிறைய.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வெளியே இருந்து வரும் கனேடியர்களுக்கு மருத்துவர் செலவைச் சொந்த மாகாணம் ஏற்றாலும், ஆம்புலன்ஸ் செலவு பெரும்பாலும் கைக்காசுதான். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்திருக்கும் உறவினர் கூட வருகிறார் என்றால், அவருடைய பயணக் காப்பீடு ஸ்கீ விபத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் படித்துப் பாருங்கள். பல திட்டங்கள் அதை விலக்கி வைத்திருக்கும்.

வழி

வான்கூவரிலிருந்து நெடுஞ்சாலை 99, கடலை ஒட்டி ஏறுகிறது. நல்ல நாளில் இரண்டு மணி நேரம். குளிர்கால டயர் கட்டாயம் சில சாலைகளில் மார்ச் 31 வரை, மலைக் கணவாய்களில் ஏப்ரல் 30 வரை. சட்டம் எப்படி இருந்தாலும், வாடகைக்கு வண்டி எடுக்கும்போது குளிர்கால டயர் கேட்டு வாங்குங்கள். ஏப்ரலிலும் இந்தச் சாலையில் பனி கொட்டும். விமான நிலையத்திலிருந்து நேரடி பஸ்ஸும் இருக்கிறது. பனிச் சாலையில் ஓட்டிப் பழகாத குழு பஸ்ஸில் போவதே நல்லது, ஊருக்குள் வண்டி தேவைப்படாது. காரில் போகிறவர்கள் ஸ்குவாமிஷுக்கு முன்னால் ஷானன் அருவியில் நிறுத்திக் கால் நீட்டிக்கொள்ளலாம். 335 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அருவி, பனி உருகும் காலத்தில் நிறைந்து கொட்டும்.

உடையும் கருவியும்

ஒரு சின்னக் கணக்கு. காற்று மேலே போகப் போக ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஏழு டிகிரி குளிரும். ஊரில் 10 டிகிரி என்றால் உச்சியில் கிட்டத்தட்ட பூஜ்யம். காற்றும் சேர்ந்தால் அதற்கும் கீழே. ஊரில் டீ-சர்ட்டோடு திரிகிறவர்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய சட்டை, நடுவில் ஒரு ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். மூன்றையும் தனித்தனியாகக் கழற்றிப் பையில் வைக்க முடிய வேண்டும். உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம், வியர்த்தால் ஈரம் காயாது. ஏப்ரலில் பெரிய தடித்த ஜாக்கெட்டைவிடத் தண்ணீர் புகாத பேன்ட்தான் முக்கியம். இளகிய பனியில் விழுந்து எழுந்தால் ஜீன்ஸ் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். கையுறை இரண்டு ஜோடி கொண்டுபோங்கள். முதல் ஜோடி மதியத்துக்குள் ஊறிவிடும்.

சன்ஸ்கிரீனை நம்மவர்களில் பலர் வெள்ளைக்காரர்களுக்கானது என்று விட்டுவிடுகிறார்கள். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. புதுப்பனி, விழும் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கிறது. அதனால் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடத் தோல் எரியும். நம் தோலும் எரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள், உதட்டுக்கும் தனியாக. கண்ணுக்குக் காகிள்ஸ் இல்லாமல் ஒரு நாள் முழுக்க இருந்தால் இரவில் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தி நீர் கொட்டும். கருவிழி வெந்துபோனதன் அறிகுறி அது. வெயிலுக்குக் கறுத்த லென்ஸ், மேகமூட்டத்துக்கு வெளிறிய லென்ஸ், இரண்டும் இருந்தால் நல்லது.

ஸ்கீ, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் மாலையே போய் எடுத்துவிடுங்கள், காலை வரிசையில் நல்ல பனி நேரம் போய்விடும். பூட்ஸுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீண்ட சாக்ஸ். இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். பேன்ட்டின் உள்மடிப்பைப் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே தடம் பதிந்து வலிக்கும். நேராக நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முட்டியை முன்னால் மடித்தால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பினால் பூட்ஸ் பெரிது. வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, எவ்வளவு தேர்ச்சி என்று கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ பூட்ஸிலிருந்து கழல வேண்டிய விசையை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். தேர்ந்தவர் என்று பெருமைக்குச் சொன்னால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முட்டி திருகிவிடும்.

ஏப்ரல் பனியின் நேரம்

இந்த ஒரு பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டு வரட்டும்.

பகலில் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்குகிறது. இரவில் வானம் தெளிந்திருந்தால் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து மறுபடி உறைகிறது. காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். இப்படி உருகி, உறைந்து, உருகி, உறைந்து பல நாள் போனால் பனித் துகள்கள் ஒன்று சேர்ந்து ஜவ்வரிசி அளவுக்கு உருண்டைகளாகின்றன. மேலே ஓரிரு சென்டிமீட்டர் இளகி, அடியில் உறுதியாக இருக்கிற அந்த நிலையைத்தான் கார்ன் ஸ்னோ என்கிறார்கள். அதில் சறுக்குவது அவ்வளவு இதமாக இருக்கும், புதியவருக்கும் ஸ்கீ தானாகத் திரும்புவது போலத் தோன்றும். ஏப்ரலில் இத்தனை பேர் மலைக்குப் போவதே அதற்காகத்தான்.

ஆனால் அந்த நிலை ஒரு சரிவில் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நீடிக்கும். அதற்கு முன் கடினப் பனி, அதற்குப் பின் கூழ். எனவே நாளைச் சூரியனோடு சேர்த்து நகர்த்த வேண்டும். கிழக்கு பார்த்த சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. வடக்கு பார்த்த சரிவு மேலே நாள் முழுக்கக் குளிராகவே இருக்கலாம். பிளாக்கோமின் செவன்த் ஹெவன் தெற்கு வெயிலை வாங்குகிற பகுதி. தெளிந்த நாளில் காலை எட்டரைக்கே அங்கே போனால் பல் நடுங்க இறங்க வேண்டியிருக்கும், இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் அதே இடம் அருமை. அது பெரும்பாலும் நீலச் சரிவு, குழுவில் தேர்ந்தவர்களுக்கு.

அப்படியானால் தெளிந்த இரவுக்குப் பிந்திய காலையில் புதியவர்கள் என்ன செய்வது? அவசரப்படாமல் சாப்பிடுங்கள். வகுப்பு இருந்தால் வகுப்புக்குப் போங்கள், பயிற்சியாளருக்கு எந்த மூலை முதலில் இளகும் என்று தெரியும். இல்லையென்றால் இரவில் இயந்திரம் சமப்படுத்திய சரிவில் மட்டும் இறங்குங்கள். சமப்படுத்திய பனியில் வரிவரியான தடம் இருக்கும், ஸ்கீயின் விளிம்பு பிடிக்கும். முந்தின நாள் மாலை எல்லோரும் உழுதுவிட்டுப் போய் இரவில் அப்படியே உறைந்த மேடுபள்ளத்தில் புதியவர் காலை வைக்கவே கூடாது. எந்தச் சரிவுகளைச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு காலையும் மலையின் செயலியில் வரும்.

இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால் கதை வேறு. பனி உறைந்தே இருக்காது. காலையிலிருந்தே கனமான ஈரப் பனி. அன்று தாமதிப்பதில் பயனில்லை, உடனே போய் உயரமான இடத்தில் சறுக்குங்கள். வானிலை அறிக்கையில் மழையா பனியா என்று பார்ப்பதைவிட உறைமட்டம், அதாவது காற்றின் வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும் மட்டம், எந்த உயரம் என்று பாருங்கள். உறைமட்டம் 1,500 மீட்டர் என்றால் ஊரில் மழை கொட்டும், விஸ்லர் மலைமேல் சாப்பிட, இளைப்பாற இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் லாட்ஜின் 1,850 மீட்டரில் பனி விழும். ஊரில் மழையைப் பார்த்து வீட்டிலேயே படுத்துவிட்டவர்கள் அந்த நாளின் மிகச் சிறந்த பனியைத் தவறவிட்டிருப்பார்கள்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கீழ்ப் பகுதியில் பனி கூழாகிவிடும். வேகமாக வரும் ஸ்கீ நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும், உடம்பு முன்னால் தள்ளும். எதிர்பார்த்துக்கொண்டு போங்கள்: எடை இரண்டு கால்களிலும் சமமாக, பின்னால் சாயாமல், திருப்பங்களைச் சற்று அகலமாக. சின்னச் சின்னதாகத் திரும்ப முயன்றால் கூழ் காலைப் பிடித்துத் திருகும். முட்டிக் காயம் அதிகம் நடப்பது இந்த நேரத்தில்தான், உடம்பும் களைத்திருக்கும். "கடைசியாக இன்னும் ஒரே ஒரு முறை" என்று யாராவது சொன்னால் அந்த ஒன்றை விட்டுவிடுங்கள். கூழில் ஓடும் ஸ்கீயின் அடியில் இளகிய பனிக்கான மெழுகு போடச் சொல்லி வாடகைக் கடையில் கேட்கலாம், வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

முதல் நாள்

விஸ்லர் மலை திறந்திருக்கும் நாட்களில் புதியவர்கள் ஊரிலிருந்து கொண்டோலாவில் (கம்பிவடத்தில் ஓடும் மூடிய பெட்டி) ஏறிப் பாதி வழியில் ஒலிம்பிக் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கே நகரும் பட்டையில் நின்றபடியே ஏறிவிடலாம், லிஃப்ட் பயம் இல்லை. தட்டையான இடத்தில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடந்து பாருங்கள். பிறகு இரண்டும். பிறகு முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து வேகம் குறைப்பது. குழந்தைகளுக்கு அதைப் பீட்சா என்று சொல்லிக்கொடுப்பார்கள். நிற்க வந்துவிட்டால் மற்றதெல்லாம் வரும்.

விழுந்தால் ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்காக, உங்களுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, மலைப்பக்கம் கையூன்றி எழுங்கள். விழும்போது கம்பை விட்டுவிடுங்கள். கம்பைப் பிடித்தபடி கையூன்றினால் கட்டைவிரல் மூட்டு பிய்ந்துபோகும். ஸ்கீ செய்பவர்களுக்கு அடிக்கடி வரும் காயங்களில் அதுவும் ஒன்று.

நாற்காலி லிஃப்டில் ஏறும்போது கம்பு இரண்டும் ஒரே கையில், பையின் வார் எங்கும் தொங்காமல். பயமாக இருந்தால் லிஃப்ட் இயக்குபவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லலாம், தயங்காமல் செய்வார்கள். இறங்கியதும் நிற்காதீர்கள். அடுத்த நாற்காலி பின்னாலேயே வருகிறது, ஓரமாக விலகிப் போய்ப் பிறகு நண்பருக்குக் காத்திருங்கள்.

பச்சைச் சரிவு கைவந்த பிறகு எமரால்டு லிஃப்ட் பகுதிக்குப் போங்கள். ரவுண்ட்ஹவுஸுக்குப் பக்கத்தில், உயரமான இடத்திலேயே எளிய சரிவுகள். அகலமும் அதிகம், பனியும் நன்றாக இருக்கும். அங்கிருந்து ஊர்வரை ஸ்கீயிலேயே இறங்கிவிடலாம் என்று முதல் நாளில் நினைக்க வேண்டாம். பருவக் கடைசியில் கீழ்ப் பகுதி கூழாகவோ வெறும் மண்ணாகவோ இருக்கும். கொண்டோலாவிலேயே இறங்குங்கள். நன்றாகச் சறுக்குகிறவர்களும் ஏப்ரலில் அப்படித்தான் இறங்குகிறார்கள். கடைசிக் கொண்டோலா எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே எல்லோரும் போனில் குறித்துக்கொள்ளட்டும். மேல் லிஃப்டுகள் கீழ் லிஃப்டுகளுக்கு முன்பே நின்றுவிடும்.

சேர்ந்து சறுக்கும்போது

சந்திக்கும் இடமும் நேரமும் காலையிலேயே முடிவாக வேண்டும். மலையில் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்காது, குளிரில் போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். ஜாக்கெட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். "பன்னிரண்டரைக்கு ரவுண்ட்ஹவுஸ் வாசல், வராதவருக்காகப் பதினைந்து நிமிடம் காத்திருப்போம்" என்ற அளவுக்குத் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

சாப்பாடு மேலே விலை அதிகம். வீட்டில் கட்டிக்கொண்டுபோனதை லாட்ஜில் உட்கார்ந்து சாப்பிடலாம். பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் குளிரில் நன்றாகவே தாங்கும். தண்ணீர் தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். வெளியே ஸ்கீயை நட்டு வைக்கும்போது நண்பர்கள் இருவர் தங்கள் ஜோடியில் ஒன்றை மாற்றி வேறு வேறு இடத்தில் வைத்தால் திருட்டு நடக்காது, ஜோடி பொருந்தாத ஸ்கீயை யாரும் எடுப்பதில்லை.

சரிவில் நிற்பதற்கும் ஒழுங்கு உண்டு. உங்களுக்குக் கீழே முன்னால் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, விலகிப் போக வேண்டியது பின்னால் வருகிற நீங்கள். மேட்டின் மறுபக்கம், மேலிருந்து வருபவருக்குத் தெரியாத இடத்தில் குழுவாக நின்று படம் எடுக்காதீர்கள். ஓரமாக, மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், ஒருவருக்குக் கீழே ஒருவராக நில்லுங்கள். மூடுபனி வந்து வானமும் தரையும் ஒன்றாகத் தெரிந்தால் மரங்கள் இருக்கும் பகுதிக்கு இறங்கிவிடுங்கள், மரம் இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். குழுவின் கடைசியில் வருகிறவர் தேர்ந்தவராக இருக்கட்டும். அவர் யாரையும் பின்னால் விட்டுவிட்டு வரமாட்டார்.

கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். ஏப்ரல் வெயிலில் செங்குத்துச் சரிவின் ஈரப் பனி பெயர்ந்து பனிச்சரிவாக வரும், முகட்டில் தொங்கும் பனி விளிம்பு உடையும், பனியாற்றில் பிளவுகள் திறக்கும். காலையில் திறந்திருந்த பாதையை மதியம் மூடுவதற்குக் காரணம் இதுதான். மதுவோ கஞ்சாவோ எடுத்தவர் அன்று ஸ்கீ மாட்ட வேண்டாம். கனடாவில் இரண்டும் சட்டப்படி கிடைக்கும் என்பதால் இதைக் குழுவில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

ஸ்கீ செய்யாத நண்பரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கொண்டோலாவில் சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டோடு அவரும் வரலாம். 2008இல் திறந்தது, 4.4 கிலோமீட்டர், 11 நிமிடப் பயணம். நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தூணே இல்லாமல், பள்ளத்தாக்கிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் தொங்கிப் போகும். ரவுண்ட்ஹவுஸில் மதியச் சாப்பாட்டுக்கு அவரும் சேர்ந்துகொள்வார். ஒரு மலை மூடிவிட்டால் இது ஓடாது என்பதும் ஏப்ரல் முற்பகுதியில் போகச் சொல்வதற்கு ஒரு காரணம்.

அடிபட்டால்

விழுந்தவரை இழுத்துத் தூக்காதீர்கள். சற்று மேலே இரண்டு ஸ்கீயைக் குறுக்கே நட்டு வையுங்கள், வருகிறவர்கள் விலகிப் போவார்கள். ஒருவர் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் மலையின் மீட்புக் குழுவான ஸ்கீ பேட்ரோலைக் கூப்பிடட்டும். அவர்கள் எண்ணைக் கிளம்பும் முன்பே எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள், சரிவின் பெயரையும் பக்கத்து லிஃப்ட் தூணின் எண்ணையும் சொன்னால் நேராக வந்துவிடுவார்கள். சிக்னல் இல்லையென்றால் பக்கத்து லிஃப்டுக்கு இறங்கி அங்கே சொல்லலாம். ஊருக்குள்ளேயே சுகாதார மையம் இருக்கிறது. தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி மலைக்கு அனுப்பாதீர்கள்.

மாலையும் கடைசி நாளும்

திரும்பியதும் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிக் காயவையுங்கள், ஆனால் ஹீட்டர் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. குப்பையை வெளியே வைக்காதீர்கள். ஏப்ரலில் கருங்கரடிகள் உறக்கம் கலைந்து, பனி உருகிய சரிவுகளில் புல் மேய வருகின்றன. குப்பைக்குப் பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டிய நிலை வருகிறது, அதனால் பூட்டும் வசதியுள்ள தொட்டியில்தான் போட வேண்டும்.

கடைசி நாளில் அரை நாள் மட்டும் சறுக்குங்கள். மதியத்தில் கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஈரத் துணிக்குத் தனிப் பை எடுத்துக்கொண்டு, வெளிச்சத்திலேயே வான்கூவர் பக்கம் இறங்குங்கள். ஞாயிறு மாலை என்றால் சாலை நெரிசல் கடுமை, முன்னதாகவே கிளம்புங்கள். குழுவுக்குப் பிடித்துப்போய் அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்று தோன்றினால், வண்டியிலேயே பேசி முடித்துவிடுங்கள். அடுத்த பருவத்துக்கான பாஸ்கள் வசந்த காலத்திலேயே விற்பனைக்கு வந்துவிடும், விலையும் அப்போதுதான் மிகக் குறைவு.